ஜெட் ஸ்கிக்கு நீள ஸ்ட்ரோக் எஞ்சின்: பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவுக் கரையில் மண்ணெண்ணெய் போட் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டித்தான் எனக்குக் கை பழகியது. வெளிநாட்டிலிருந்து வந்த தம்பி ஒருவர் பழைய யமஹா 701 ஜெட் ஸ்கி எஞ்சினையும், அதற்கு நீள ஸ்ட்ரோக் கிராங்க் ஒன்றையும், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரத்தைக் (ஸ்ட்ரோக்கை) கூட்டும் கிராங்கையும் கொண்டுவந்து தந்தார். அதை நான் இரண்டு தடவை திரும்பக் கழற்ற வேண்டி வந்தது. போட் எஞ்சினில் கண்ணால் பார்த்து ‘சரி’ என்று விடுகிற இடங்களை இதிலும் அளக்காமல் விட்டதுதான் காரணம். அதே வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

701 இரண்டு சிலிண்டர் உள்ள டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 81 மி.மீ., ஸ்ட்ரோக் 68 மி.மீ. ஆறு மில்லிமீற்றர் கூடிய கிராங்க் போட்டால் ஸ்ட்ரோக் 74 ஆகும். கொள்ளளவு ஏறத்தாழ 763 சிசிக்குப் போகும். ஆனால் பிஸ்டன் மேலே ஏறுவது ஆறு இல்லை. மேலே மூன்று, கீழே மூன்று. மேலே போகும் அந்த மூன்றுக்கு இடம் விடாமல் பூட்டினால் முதல் சுற்றிலேயே பிஸ்டன் ஹெட்டில் (சிலிண்டரின் மேல் மூடியில்) முட்டும்.

இடம் விடப் பலரும் செய்வது, சிலிண்டருக்கு அடியில் 3 மி.மீ. தகடு வைப்பது. நானும் அப்படித்தான் வைத்தேன். முட்டவில்லை, ஸ்டார்ட் ஆனது, ஆனால் கீழ்ச் சுற்றில், அதாவது எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, இழுவையே இல்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. சிலிண்டர் உயரும்போது புகை வெளியேறும் துளையும் சேர்ந்து உயருகிறது. பிஸ்டனோ முன்பைவிடக் கீழே இறங்குகிறது. துளை திறந்திருக்கும் நேரம் நன்றாகக் கூடிவிட, இழுவை எல்லாம் மேல் சுற்றுக்குப் போய்விட்டது. நீள ஸ்ட்ரோக் போடுவதே கீழ்ச் சுற்று இழுவைக்காகத்தானே! தகடு வைக்காமல் ஹெட்டின் குழியை ஆழப்படுத்தி அந்த மூன்று மில்லிமீற்றரை அங்கே எடுத்தால் துளைகளின் நேரம் கிட்டத்தட்டப் பழையபடியே நிற்கும். அப்போது மேல் ரிங் சிலிண்டரைத் தாண்டி வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த வழி என்றாலும், 360 பாகை குறித்த வட்டத்தட்டைக் கிராங்கின் முனையில் பூட்டி, துளை திறக்கும் பாகையையும் மூடும் பாகையையும் எழுதி வையுங்கள். பிஸ்டன் கீழே இறங்கி நிற்கும்போது அதன் அடி விளிம்பு கிராங்க் தட்டில் உரசுகிறதா, ரொட் எங்கேயாவது இடிக்கிறதா என்றும் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள்.

பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க மெல்லிய ஈயக்கம்பி போதும். பிஸ்டனை ரொட்டோடு இணைக்கும் ‘பின்’ கிடக்கும் திசையில் இரண்டு பக்கமும் கம்பியை வைக்க வேண்டும். குறுக்கே வைத்தால் பிஸ்டன் சரிந்து பொய்க்கணக்குத் தரும்.

அடுத்தது பெற்றோல். இதில் ஏமாறுவது மிக எளிது. அமெரிக்கர் எழுதிய குறிப்பில் ‘92 ஒக்டேனுக்கு இந்த அமுக்கம் தாங்கும்’ என்றிருக்கும். எங்கள் பெற்றோல் செட்டிலும் 92 என்றுதான் எழுதியிருக்கிறது, ஆகவே சரி என்று ஊற்றிவிடுவோம். இரண்டும் ஒன்றல்ல. அங்கே பம்பில் எழுதுவது இரண்டு விதமாக அளந்த எண்களின் சராசரி. இங்கே எழுதுவது அந்த இரண்டில் பெரிய எண். எங்கள் 92 அவர்களின் சாதாரண 87க்குக் கிட்டத்தான் வரும். ஸ்ட்ரோக் கூடி, ஹெட்டின் குழி அதே அளவில் இருந்தால் அமுக்கமும் தானாகக் கூடும். அதில் 92 ஊற்றி முழு வேகத்தில் ஓடினால் எஞ்சின் தட்டத் தொடங்கும். ஜெட் ஸ்கியின் இரைச்சலில் அது காதில் விழாது. பிஸ்டன் விளிம்பு அரிபட்ட பிறகுதான் தெரியவரும். 95 ஊற்றுங்கள், அல்லது ஹெட்டை 92க்கு ஏற்ற மாதிரி வெட்டுங்கள். மண்ணெண்ணெயைக் கலந்து பார்க்கும் எண்ணமே வேண்டாம். எங்கள் போட் எஞ்சின்கள் அதைத் தாங்குவது குறைந்த அமுக்கத்துக்கு என்றே செய்யப்பட்டதால்.

கிராங்க் விஷயத்திலும் அவசரப்படக் கூடாது. இந்தக் கிராங்க், துண்டு துண்டாக அழுத்திச் சேர்த்தது. அலையில் ஜெட் ஸ்கி எழும்பும்போது, தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து வெறுமனே சுழலும்; திரும்ப விழுந்து தண்ணீரைப் பிடிக்கும்போது கிராங்கில் ஓர் அடி விழும். அந்த அடியில், துண்டுகளைச் சேர்க்கும் கிராங்க் ‘பின்’ இடம் திரும்பிவிடலாம். ஆகவே நேராக்கி, டயல் கேஜ் வைத்துக் கோணாமல் சுற்றுகிறதா என்று பார்த்து, அந்தப் ‘பின்’னை வெல்ட் பண்ணிய கிராங்க்தான் வேண்டும்.

சிலிண்டரை முதலில் லேத்தில் கொடுத்துக் கடைந்துவிட்டு, பிறகு பிஸ்டன் வாங்குகிறவர்களும் உண்டு. பிஸ்டன் கையில் வந்து, அதை அளந்த பிறகுதான் கடைய வேண்டும். கடைந்து முடிந்ததும் துளைகளின் விளிம்பைச் சற்று மழுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரிங் அதில் கொழுவி உடையும்.

நான் இரண்டாம் தடவை கழற்றியது காற்றுக் கசிவால். தகடு வைத்தால் மூட்டு ஒன்று கூடுகிறது. அங்கே காற்று உள்ளே போனால் கலவையில் பெற்றோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கீறிவிடும். எனக்கு நடந்தது அதுதான். இப்போது பூட்டிய எஞ்சின் எதையும் சோதிக்காமல் தண்ணீரில் விடுவதில்லை. காற்று வரும் வாயையும் புகை போகும் வாயையும் இறுக்கி மூடி, சைக்கிள் பம்பால் 6 அல்லது 7 பிஎஸ்ஐ வரை அடித்து ஐந்து நிமிடம் விடுகிறேன். அமுக்கம் காட்டும் முள் இறங்கினால் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் பூசிக் குமிழி பார்ப்பேன். அரை மணித்தியால வேலை.

முதல் ஓட்டத்துக்கு 32 லீற்றர் பெற்றோலுக்கு ஒரு லீற்றர் ஒயில், அதுவும் தண்ணீரில் ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குரிய ஒயில். நந்திக்கடல் களப்பு மாதிரி ஆழமில்லாத இடத்தில் ஓட்டாதீர்கள். பம்ப் மணலை இழுத்துத் தண்ணீர்க் குழாயை அடைத்தால் எஞ்சின் சூடேறும். கரைக்கு வந்து நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவும்போது எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிய பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது குழாயை முதலில் மூட வேண்டும். மாற்றிச் செய்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, அடுத்த நாள் கிராங்க் சுற்றாது.