டீபக் அடாப்டர் வாங்க எஸ்.பி. ரோடு போகும் முன்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி, கோவைக்காரன், “அக்கா, சீரியல் கன்சோலுக்கு எந்த யூஎஸ்பி அடாப்டர் வாங்கலாம்?” என்று கேட்டான். “உன் போர்டு எத்தனை வோல்ட்டில் பேசுது?” என்றேன். முழித்தான். போர்டும் லேப்டாப்பும் எழுத்தாகப் பேசிக்கொள்ளும் வழிதான் சீரியல் கன்சோல்; நடுவில் நிற்பது அந்த அடாப்டர்.

போர்டின் வோல்ட்டைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகாதீர்கள். எஸ்.பி. ரோடு பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. நான் அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டில் இறங்கி நடப்பேன். எஸ்.பி. ரோட்டில் அடாப்டர் என்றதும் சிஎச் 340 சிப் போட்ட ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று ஒரு ஜம்பர் இருக்கும். பழகுவதற்கு அது போதும். ஆனால் இப்போதைய பிராசசர்கள் பலவற்றில் கன்சோல் பின் 1.8 வோல்ட்தான். அப்படிப்பட்ட ஒன்றில் நான் ஒருமுறை 3.3-ஐச் சொருகிவிட்டேன். புகையில்லை, சத்தமில்லை. அன்றோடு அந்தப் போர்டுக்குக் காது போய்விட்டது: லாக் (போர்டு எழுதும் செய்திகள்) வரும், நான் தட்டுவது எதுவும் உள்ளே போகாது.

ஜம்பரையும் நம்பாதீர்கள். சில மலிவு அடாப்டர்களில் அது விசிசி (மின்சாரம் தரும்) பின்னை மட்டும் மாற்றும், சிக்னல் பழைய அளவிலேயே நிற்கும். அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது அந்தப் பின் ஹையில்தான் இருக்கும். மீட்டர் காட்டுவதுதான் நிஜ அளவு. என் கையில் இருப்பது எஃப்டி 232ஆர் சிப் போட்டது, விசிசிஐஓ பின்னை வெளியே எடுத்துத் தந்திருக்கும் வகை. போர்டின் 1.8 வோல்ட்டையே அந்தப் பின்னுக்குக் கொடுத்துவிட்டால் சிக்னலும் அதே அளவுக்கு வந்துவிடும்.

அடுத்தது வேகம். நொடிக்கு 115200 பிட் என்றால் எதுவும் ஓடும். ஆனால் ராக்சிப் பிராசசர் போட்ட போர்டுகளின் கன்சோல் வழக்கமாக 15,00,000-ல் ஓடும். சிபி 2102 சிப் போட்ட அடாப்டர் சுமார் 10 லட்சத்தோடு நின்றுவிடும், திரையில் கிறுக்கல்தான் வரும். சிபி 2102என் 30 லட்சம் வரை போகும். அந்த ஒற்றை ‘என்’னைக் கவனித்து வாங்குங்கள்.

ஒயர் மூன்று போதும்: கிரவுண்ட், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் (பெறும் பின்). விசிசிஐஓ இருந்தால் அதற்கு ஒன்று கூட. விசிசியைத் தொடாதீர்கள். போர்டை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறதா? அடாப்டரின் டிஎக்ஸ் வழியாக மின்சாரம் கசிகிறது. அந்த நிலையில் போர்டு முழுசாக ரீசெட் ஆகாது, நீங்கள் கோடில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். டிஎக்ஸ் ஒயரில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

உபுண்டு 22.04-ல் சிஎச் 340-ஐச் செருகியதும் போர்ட் வந்து உடனே மறைந்தால், அடாப்டரைக் குறை சொல்லாதீர்கள். பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் சேவை அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

கன்சோலில் முதல் எழுத்து வருவதற்கு முன்பே புரோகிராம் செத்தால் சீரியலால் பயனில்லை, எஸ்டபிள்யூடி (சிப்புக்குள் நேரடியாகப் பார்க்கும் டீபக் இணைப்பு) வேண்டும். ஏஆர்எம் மைக்ரோகன்ட்ரோலர்தான் என்றால் ராஸ்பெர்ரி பை பிக்கோவில் டீபக்ப்ரோப் ஃபர்ம்வேரை ஏற்றுங்கள், சீரியலும் சேர்ந்தே கிடைக்கும். அதுவும் 3.3 வோல்ட்தான், மறக்காதீர்கள்.

காசு கொடுக்கும் முன் கடையிலேயே டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒரு ஒயரால் இணைத்து, லேப்டாப்பில் நாலு எழுத்து தட்டுங்கள். தட்டியது அப்படியே திரும்பி வர வேண்டும். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.