ஸ்பின் வால்வு உணரியில் காந்த நானோதுகள்: அளவீட்டைக் கெடுக்கும் தவறுகள்

புரதத்தைத் தேடும் சிப்பில், அந்தப் புரதத்தோடு வந்து ஒட்டும் காந்த நானோதுகள்களின் புலத்தை அடியிலுள்ள ஸ்பின் வால்வுப் பட்டை (காந்தப் புலத்துக்கேற்ப மின்தடை மாறும் மெல்லிய உலோக அடுக்குகள்) மின்தடை மாற்றமாகக் காட்டுகிறது. அந்த மாற்றம் சில நேரம் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான். அதே பட்டை 1 டிகிரி செல்சியஸ் சூடானால் மின்தடை ஏறத்தாழ 0.1 சதவீதம், அதாவது பத்து லட்சத்துக்கு 1000 பங்கு, ஏறும். கழுவும் கரைசலின் வெப்பநிலை 0.05 டிகிரி பிசகினாலே துகள் ஒட்டியதுபோல ஒரு படி தெரிந்துவிடும். எனவே ஒற்றை உணரியை நம்பக் கூடாது. அதே சிப்பில், கரைசலிலிருந்து உணரியைக் காக்கும் அதே காப்புப் படலத்தோடு, தேடும் புரதத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளுக்குப் பதில் அதைப் பிடிக்காத ஆல்புமின் என்ற புரதம் பூசிய ஒப்பீட்டு உணரி வேண்டும். அதன்மேல் தடித்த எப்பாக்சி பூசுவது தவறு. வெப்பம் அதற்கு மட்டும் தாமதமாகச் சேரும். அதன் அளவை மற்ற உணரியின் அளவிலிருந்து கழித்த பிறகும் பொய்க்குறி மிஞ்சும்.

அடுத்தது புலத்தின் சாய்வு. சூப்பர்பாராமேக்னெட்டிக் துகளுக்கு வெளிப்புலம் இல்லாமல் நிகரக் காந்தத்திறன் கிடையாது. படலத்துக்குச் செங்குத்தாக 100 மில்லிடெஸ்லா கொடுக்கிறீர்கள் என்றால், 1 டிகிரி சாய்வே தளத்துக்குள் 1.7 மில்லிடெஸ்லாவை நுழைத்துவிடும். பல ஸ்பின் வால்வுகளின் நேர்கோட்டு எல்லையே சில மில்லிடெஸ்லாதான். துகள் விடுமுன் புலத்தைப் போட்டு அணைத்துப் பாருங்கள். மின்தடை அசையாத நிலைவரை சிப்பைத் திருத்துங்கள்.

துகள் கூடினால் குறி கூடும் என்று நினைப்பதும் பிழை. புலம் தளத்திலேயே, உணரும் திசையில் இருந்தால், பட்டையின் மேலுள்ள துகள் அந்தப் புலத்தைக் குறைக்கும். அதே திசையில் விளிம்பைத் தாண்டிக் கிடக்கும் துகள் கூட்டும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எதிர்ப்பொருளைப் பட்டையின் மேல் மட்டும் அச்சிட வேண்டியது இதனால்தான்.

காப்புப் படலத்தில் இரு பக்கமும் ஆபத்து. புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். 50 நானோமீட்டர் துகளுக்கு நேர் கீழே, படலத்தை 50-லிருந்து 250 நானோமீட்டராக்கினால் புலம் ஏறத்தாழ 49-இல் ஒரு பங்காகிவிடும். மெலிதாக்கினாலோ ஊசித்துளை வழியே உப்புக் கரைசல் புகுந்து கோபால்ட்-இரும்பையும் செம்பையும் அரிக்கும். சிலிக்கான் ஆக்சைடு, நைட்ரைடு, மீண்டும் ஆக்சைடு என மாற்றி அடுக்கினால் துளைகள் ஒரே நேரில் அமைவது அரிது. துகள் இல்லாத கரைசலில், மின்னோட்டத்தோடு ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மின்தடை ஒரே சீராக ஏறினால் அந்தச் சிப்பை ஒதுக்கிவிடுங்கள்.

நேர்மின்னோட்டத்தில் அளந்தால் தாழ் அதிர்வெண் இரைச்சல் குறியை மூழ்கடித்துவிடும். மின்னோட்டம் 1100 ஹெர்ட்ஸ், தளப்புலம் 225 ஹெர்ட்ஸ் என்று வைத்து, இரண்டின் வேறுபாடான 875-லும் கூட்டுத்தொகையான 1325-லும் லாக்-இன் ஆம்ப்ளிஃபயரால் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் பிரித்தளக்கும் கருவி) படியுங்கள். சுருள் கம்பிகளில் தூண்டும் மின்னழுத்தம் 225-லேயே தங்கிவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கலின் மடங்குகளும் 875, 1325 இரண்டிலிருந்தும் விலகியே நிற்கும். 1100 ஹெர்ட்ஸில் வரும் அளவு மின்தடையையே சொல்வதால், அதைச் சேர்த்துப் பதிந்துகொண்டால் ஒவ்வொரு உணரியின் வெப்பத் திருத்தத்தையும் அதிலிருந்தே கணக்கிடலாம்.