பழைய எக்ஸ்டி கணினியில் 20 எம்பி ஹார்டு டிஸ்க் மாட்டியது: என் அனுபவம்

குளச்சல் பக்கம் ஒரு ஐபிஎம் எக்ஸ்டியில் (1980களின் பெர்சனல் கணினி) சீகேட் எஸ்டி-225 ஹார்டு டிஸ்க் டிரைவையும், அதை இயக்கும் கார்டான வெஸ்டர்ன் டிஜிட்டல் 8 பிட் கன்ட்ரோலரையும் மாட்டினேன். கடற்கரை ஊர்களில் முதல் வேலை துடைப்பதுதான். உப்புக்காற்றில் கார்டு விளிம்பில் பச்சை ஏறியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தங்க நிறம் தெரியும்வரை துடையுங்கள்.

கேபிள் இரண்டு: கட்டுப்பாட்டுக்கு 34 பின், டேட்டாவுக்கு 20 பின். ஃப்ளாப்பி கேபிளும் 34 பின்தான், ஆனால் அதில் முறுக்கு (சில கம்பிகளைத் திருப்பிப் போட்டிருக்கும் இடம்) 10 முதல் 16 வரையுள்ள கம்பிகளில். ஹார்டு டிஸ்க்குக்கு 25 முதல் 29 வரை. மாற்றிப் போட்டால் டிரைவ் எழும்பாது. முறுக்குக்கு அப்பால் உள்ள கனெக்டரில் மாட்டினால் டிரைவில் உள்ள ஜம்பரை (பின்களை இணைக்கும் சிறு மூடி) இரண்டாம் டிரைவ் செலக்டில், அதாவது டிரைவின் எண்ணைக் குறிக்கும் பின்களில் இரண்டாவதில், வையுங்கள். ஒற்றை டிரைவுக்கு டெர்மினேட்டர் (கேபிள் முனையில் சிக்னல் திரும்பாமல் தடுக்கும் ரெசிஸ்டர் தொகுப்பு) கட்டாயம்.

இந்த டிரைவில் ஹெட்டை (தட்டில் எழுதி வாசிக்கும் முனை) நகர்த்துவது, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார். சூடு ஏறினால் டிராக்கின் (தட்டில் டேட்டா பதியும் வட்டம்) இடம் லேசாக விலகும். அதனால் அரை மணி நேரம் ஓடவிட்டு, பெட்டிக்குள் இருக்கப்போகும் அதே கிடையில் வைத்துத்தான் லோ லெவல் ஃபார்மேட் (தட்டில் டிராக்குகளையே புதிதாகப் பதிவது) செய்ய வேண்டும். டாஸில் டீபக் என்ற புரோகிராமைத் திறந்து ஜி=சி800:5 (G=C800:5) அடியுங்கள்; கன்ட்ரோலரில் உள்ள ஃபார்மேட் புரோகிராம் ஓடும். அது கேட்கும்போது கொடுக்க வேண்டியது: 615 சிலிண்டர், 4 ஹெட், இன்டர்லீவ் (டிராக்கில் செக்டர்களை இடைவிட்டு எண்ணிடும் அளவு) 3. வாசிப்பு மெதுவாக இருந்தால் இன்டர்லீவ் 4. லேபிளில் அச்சிட்டுள்ள கெட்ட டிராக்குகளையும் பதிய வேண்டும், சோம்பல் கூடாது. பிறகு டிஸ்க்கைப் பிரிக்க எஃப்டிஸ்க், டாஸ் ஏற்ற ஃபார்மேட் சி: /எஸ்.

எக்ஸ்டிக்கு முந்தைய ஐபிஎம் 5150 கணினி என்றால் அதன் 63.5 வாட் பவர் சப்ளை போதாது. எக்ஸ்டியில் இருப்பது 130 வாட்.