பூல் டேபிள் துணியில் கறை பட்டால் செய்யக் கூடாதவை

டேபிள் ஓரத்தில் வைத்திருந்த காபி கவிழ்ந்தபோது, முதல் வேலையாக ஈர ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். வட்ட வட்டமாகத் தேய்த்தேன். கறை வெளுத்த மாதிரி தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், உள்ளங்கை அளவு இருந்த கறை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரிந்து, ஓரத்தில் பழுப்பு வளையம் கட்டியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் துணி புசுபுசுவென்று எழும்பி நின்றது. மெதுவாக உருட்டிவிட்ட பந்து அங்கே வந்ததும் தயங்கி, லேசாகத் திரும்பிப் போனது. காபி செய்த சேதம் அதில் பாதிகூட இருக்காது. மீதியெல்லாம் என் கைவேலை.

அதற்குப் பிறகுதான் இந்தத் துணி என்ன துணி என்றே விசாரித்தேன். பேச்சு வழக்கில் ‘ஃபெல்ட்’ என்கிறோமே தவிர, அது ஃபெல்ட் இல்லை. ஃபெல்ட் என்பது கம்பளி இழைகளை ஈரமாக்கி, சூடாக்கி, அமுக்கித் தேய்த்துச் செய்வது. டேபிளில் இருப்பது நூல் நூற்று நெய்த துணி, பெரும்பாலும் கம்பளியும் நைலானும் கலந்தது. போட்டிகளில் போடும் மழமழப்பான வொர்ஸ்டெட் ரகங்களில் கம்பளி 90 சதவீதம் வரைகூட இருக்கும். சற்றே ரோமம் நிற்கும் ரகங்களில் நைலானின் பங்கு கூடலாம். இந்தத் துணியை நன்றாக இழுத்து விறைப்பாக்கி, ஸ்லேட் கல் பலகையின் மேல் ஸ்டேப்பிள் அடித்தோ பசை போட்டோ பொருத்தியிருப்பார்கள். சட்டையைப் போலக் கழற்றி அலச முடியாது. உள்ளே போன தண்ணீரும் சோப்பும் உள்ளேயேதான் இருக்கும்.

இன்னொன்று, இந்தத் துணி பார்வைக்காகப் போட்டதல்ல, பந்து ஓடுவதற்காகப் போட்டது. கறை இருந்தும் பந்து நேராக ஓடினால் டேபிளுக்கு ஒரு கேடும் இல்லை. கறை போய், அந்த இடத்தில் பந்து வளைந்தால் அதுதான் நஷ்டம். கீழே சொல்லும் தவறுகள் எல்லாமே இந்த இரண்டாவது ரகம்.

தண்ணீரை ஊற்றுவது

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ‘கொஞ்சம்தானே விட்டோம், காய்ந்துவிட்டது’ என்று நாம் நினைக்கும்போது இழைக்குள் ஈரம் இருந்துகொண்டிருக்கும். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கித் தடித்துப்போகும். ஃபெல்ட் செய்வதே இப்படித்தானே! ஃபெல்ட் அல்லாத ஒரு துணியை, சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து நாமே அந்த இடத்தில் மட்டும் ஃபெல்ட் ஆக்கிவிடுகிறோம்.

துணிக்குக் கீழே நடப்பது வேறு கதை. ஸ்லேட் கல்லைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஆனால் பெரும்பாலான பெரிய பூல் டேபிள்களில் ஸ்லேட் ஒரே பலகை அல்ல, மூன்று துண்டுகள். இடைவெளியை மெழுகோ வேறு பூச்சோ போட்டு மட்டமாக்கியிருப்பார்கள். துணியைப் பிடித்திருக்கும் பசையும், ஓரத்து மரச்சட்டமும் தண்ணீருக்கு ஆகாதவை. ஸ்லேட்டுக்குப் பதில் அமுக்கிய மரத்தூள் பலகை போட்ட டேபிளாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பலகை ஒருமுறை ஊதிவிட்டால் ஊதியதுதான், பழைய மட்டத்துக்குத் திரும்பாது.

சரி, ஏதாவது கொட்டிவிட்டால் என்னதான் செய்வது? சாயம் போகாத, உலர்ந்த வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். நனைந்ததும் துணியை மாற்றி மறுபடி அழுத்த வேண்டும். பூ வேலை செய்த கலர் நாப்கினால் அழுத்தினால் அதன் சாயமும் இறங்கிவிடலாம். கறையின் வெளி விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். நடுவிலிருந்து வெளியே போனால் கறையை நாமே பரப்புகிறோம். ஈரம் முழுக்க வந்தபிறகும் தடம் இருந்தால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றலாம், உடனே உலர்ந்த துணியால் மறுபடி அழுத்தலாம். இரண்டு மூன்று தடவை செய்தும் போகவில்லையா? அத்தோடு விடுங்கள்.

இந்தப் பொறுமைதான் யாருக்கும் வருவதில்லை, எனக்கும் வரவில்லை. ஒற்றுவது வேலை செய்கிற மாதிரியே தெரியாது. தேய்த்தால்தான் கைக்குத் திருப்தி.

தேய்ப்பதில் இன்னொரு சிக்கல், ரோமத்தின் திசை. ஸ்னூக்கர் துணியில் ரோமம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து இருக்கும் முனையை நோக்கி அது போகும், பிரஷ்ஷும் அந்த வழியிலேயே போக வேண்டும். பூல் டேபிளின் வொர்ஸ்டெட் துணியில் ரோமம் மிகக் குறைவு என்பதால் அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனாலும் வட்டமாகத் தேய்ப்பது எந்தத் துணிக்கும் ஆகாது. இழை எழும்பி உருண்டையாகத் திரளும்.

சாக் பொடியை ஈரத்துணியால் துடைப்பது

டேபிளில் அதிகம் படும் கறை காபியோ பானமோ அல்ல, பந்தை அடிக்கும் கோலான கியூவின் முனையில் தடவும் நீல சாக். பெயர்தான் சாக், கரும்பலகையில் எழுதும் சாக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1897இல் வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் சேர்ந்து அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய கலவைதான் இன்றைய சாக்குக்கு முன்னோடி. சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும் அதில் முக்கியம். இரண்டாவது பொருளை உப்புத்தாளிலும் பயன்படுத்துகிறார்கள். கியூ முனை பந்தில் வழுக்காமல் பிடிப்பதற்கு அந்தச் சொரசொரப்பு வேண்டும். அதே சொரசொரப்பு துணிக்குள் இறங்கினால், ஒவ்வொரு பந்து உருளும்போதும் இழையை அரத்தால் ராவுகிற மாதிரிதான்.

சாக் பொடி காய்ந்த நிலையில் இருக்கும்வரை அது வெறும் தூசி. ஈரம் பட்ட மறுகணம் கறை. அதிலுள்ள நிறம் கரைந்து கம்பளியில் ஏறிவிடும். ஆகவே சாக் தடத்தில் ஈரத்துணியே கூடாது. கையால் தட்டுவதும் தப்பு. மேலே இருக்கும் பொடியைத் துணியைத் தாண்டிக் கல்லுக்கு அனுப்பிவிடுவீர்கள், அங்கே போனதை எடுக்கத் துணியையே கழற்ற வேண்டும். கியூ வழுக்கி ஓடுவதற்காகப் பவுடர் தடவிய கையை ஊன்றி விழும் வெள்ளைத் தடத்துக்கும் இதே விதிதான்: முதலில் உலர்ந்த வைத்தியம், ஈரத்தின் முறை வராமலேயே போனால் நல்லது.

மென்மையான பிரஷ்ஷால், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேர்க்கோட்டில் இழுங்கள். வெறும் பிரஷ் போட்டால் பொடி, பந்து மோதித் திரும்பும் குஷனின் ஓரத்தில் போய்த் தங்கும், அதனால் பின்னாலேயே வாக்குவம் வேண்டும். கம்பளத்துக்குப் போடும், சுழலும் பிரஷ் வைத்த தலையை வாக்குவத்தில் மாட்டாதீர்கள். அது ரோமத்தைப் பிடுங்கும். உறிஞ்சும் வேகம் துணியைக் கல்லிலிருந்து தூக்கும் அளவுக்கு இருந்தாலும் துணியின் விறைப்பு தளரும். வேகத்தைக் குறைத்து, தலையை அழுத்தாமல் நகர்த்தினால் போதும்.

இந்த வேலையைப் பாதியாகக் குறைக்க ஒரு வழி உண்டு. டேபிளுக்கு மேலே நின்று சாக் தடவாமல் ஒரு அடி பின்னால் தள்ளி நின்று தடவுவது, சாக் கட்டியை டேபிள் ஓரத்து மரக்கட்டையின் மேல் வைக்கும்போது தடவும் பக்கம் மேலே பார்க்க வைப்பது. கவிழ்த்து வைத்த சாக் கட்டியின் தடம் கட்டையில் பதிந்து, அங்கிருந்து சட்டைக் கைக்கு ஏறி, கையிலிருந்து துணிக்கு இறங்கும். துணியின் நிறத்துக்கு நெருக்கமான நிறத்திலேயே சாக் வாங்குவதும் புத்திசாலித்தனம்.

வீட்டில் இருக்கும் பாட்டிலெல்லாம் எடுத்துப் பார்ப்பது

கம்பளியும் நம் தலைமுடி மாதிரி ஒரு புரதம்தான். இதை நினைவில் வைத்தால் எதைத் தொடக் கூடாது என்பது பெரும்பாலும் புரிந்துவிடும். குளோரின் ப்ளீச் நிறத்தை எடுப்பதோடு நிற்காது, கம்பளியையே கரைக்கும். துவைக்கும் பவுடர்கள் பலவற்றில், ரத்தம், முட்டை போன்ற புரதக் கறைகளைச் சிதைக்க என்சைம் சேர்த்திருப்பார்கள். கறையின் புரதம் எது, துணியின் புரதம் எது என்று அதற்குத் தெரியாது. ஹைட்ரஜன் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். கறை இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு கிடைக்கும். சோடாத் தண்ணீர் ஊற்றச் சொல்பவர்கள் நிறைய. அதிலும் வேலை செய்வது தண்ணீர்தான், குமிழி அல்ல.

காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) உள்ள சோப்புகளை விட, நிறையத் தண்ணீரில் சில துளி வினிகர் கலந்து ஒற்றுவது கம்பளிக்கு எவ்வளவோ மேல். மிதமான புளிப்பைக் கம்பளி தாங்கும், காரத்தைத் தாங்காது. ஆனால் எதையும் நேராகக் கறையில் வைக்காதீர்கள். துணி போட்டபோது மிஞ்சிய துண்டு இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பந்து போகாத, கண்ணில் படாத மூலையில் ஒரு துளி வைத்து, காயும்வரை காத்திருந்து பாருங்கள். சோப்பு நுரை போட்டு அதை முழுதும் எடுக்காமல் விட்டால், காய்ந்தபின் அந்த இடம் விறைத்து, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, முன்பைவிடக் கறுத்துப் போகும்.

எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோளமாவைத் தூவிச் சில மணி நேரம் விட்டு வாக்குவம் போடலாம். சூயிங்கம்மை இழுக்காதீர்கள். ஐஸ் கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி அதன்மேல் வையுங்கள், இறுகியதும் பெயர்ந்து வரும். ரத்தத்துக்குக் குளிர்ந்த நீர் மட்டுமே. சூடு பட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும்.

பலரும் கவனிக்காத ஒன்று, மரக்கட்டைகளைப் பளபளப்பாக்கும் பாலிஷ் ஸ்ப்ரே. கட்டையில் நேராக அடித்தால் பாதிச் சாரல் துணியில் இறங்கும். அந்தப் பிசுக்குத் திட்டு முதலில் தெரியாது, சாக் தூசி வந்து ஒட்டிய பிறகுதான் தெரியும். டேபிளை விட்டுத் தள்ளிப் போய், துடைக்கும் துணியில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வந்து துடைத்தால் தீர்ந்தது. பந்துகளைக் கழுவினாலும் அப்படித்தான், முழுக்க உலர்த்தித் துடைத்த பிறகே டேபிளுக்கு வர வேண்டும்.

சீக்கிரம் காய வைப்பது

ஹேர் டிரையர் வேண்டாம். ஈரக் கம்பளியில் சூடு என்பது மேலே சொன்ன சுருக்கத்துக்கு அழைப்பு. மின்விசிறி போதும். ஸ்னூக்கர் டேபிளை அயர்ன் பண்ணுகிறார்களே என்று கேட்கலாம். அது அதற்கென்றே செய்த, தட்டையான கனத்த இஸ்திரிப் பெட்டி. பிரஷ் போட்டுத் தூசி எடுத்த உலர்ந்த துணியில், ஒரே திசையில் ஓட்டுவார்கள். நீராவி கிடையாது. சட்டை தேய்க்கும் பெட்டியை ஈரத் துணியில் வைப்பது வேறு விஷயம். ஈரத்தோடு டேபிள் உறையைப் போட்டு மூடுவதும் கூடாது, பூசணம் பிடிக்கும்.

கறையே இல்லாததைத் துடைப்பது

பந்துகளை முக்கோணத்தில் அடுக்கும் இடத்திலும், பிரேக் எனும் முதல் அடிக்கு வெள்ளைப் பந்தை வைக்கும் இடத்திலும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். அவற்றை அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. பலமான அடியில் பந்து துணிமேல் உரசும்போது எழும் சூட்டில் இழைகள் கருகிய தழும்பு அது. எந்தத் திரவத்துக்கும் போகாது, தேய்த்தால் ஓட்டைதான் சீக்கிரம் வரும். பிரேக் பயிற்சி எடுக்கும்போது வெள்ளைப் பந்துக்கு அடியில் ஒரு சிறு துண்டுத் துணி போட்டுக்கொண்டால் புதுத் தழும்பு குறையும்.

துணி நன்றாகக் காய்ந்தபின் கறைக்குக் குறுக்கே பந்தை மெதுவாக, நாலு பக்கமிருந்தும் உருட்டிப் பாருங்கள். வேகமாக உருட்டினால் ஒன்றும் தெரியாது. நேராகப் போனால் மேற்கொண்டு அந்த இடத்தைத் தொட வேண்டாம். வளைந்தால் இனி துணி மாற்றுகிற ஆள்தான் வர வேண்டும். என் டேபிளில் அந்தத் தட்டு அளவு காபிக் கறை, துணி மாற்றும்வரை அங்கேயே இருந்தது. வழக்கமாக ஆட வருபவர்கள் அந்தப் பக்கம் மெதுவாக அடிக்கவே மாட்டார்கள். புதிதாக வந்தவர்களிடம் அதைப் பற்றி நாங்கள் சொன்னதும் இல்லை.