பத்திரிகையோடு போகும் காந்தக் கூப்பன்: சிறு கடைக்காரர்களுக்குச் செய்முறை

கொங்கு நாட்டுக் கடைக்காரர்கள் வாடிக்கையாளர் வீட்டில் இடம் பிடிக்கத் தினசரி காலண்டரையும் துணிப்பையையும்தான் நம்பிவந்தார்கள். இப்போது ஆணி அடிக்கவே விடாத வாடகை வீடுகள் பெருகிவிட்டன. ஆனால் ஃபிரிட்ஜ் கதவு பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. வார, மாத இதழ்களுக்குள் ஒரு காந்த அட்டையை வைத்து அனுப்பினால் அது அந்தக் கதவுக்குப் போய்ச் சேரும். போய்ச் சேர்வது எளிது, தங்குவதுதான் கடினம். இதழ் சில நாளில் பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விடும்; அட்டை அதோடு போகாமல் இருக்க என்ன செய்வது என்பதே இந்தச் செய்முறை முழுவதும். எடுத்துக்காட்டாக, கோவை கணபதிப் பக்கம் ஒரு கிரைண்டர் சர்வீஸ் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: கதவைப் பாருங்கள்

அச்சகத்துக்குப் போகும் முன் ஒரு துண்டு காந்த ஷீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சர்வீஸுக்குப் போகிற வீடுகளிலெல்லாம் அதை ஒட்டிப் பாருங்கள். பெயின்ட் அடித்த இரும்புத் தகட்டுக் கதவில் நன்றாகப் பிடிக்கும். புது மாடல்களில் முகப்பு கண்ணாடியாக இருந்தால் பிடிக்காது. சில எவர்சில்வர் கதவுகளிலும் பிடிக்காது. கதவுக்குத் துணி உறை போட்டிருக்கும் வீடுகளில் சரிந்து விழும். அங்கெல்லாம் இரும்பு பீரோவோ ஃபிரிட்ஜின் பக்கவாட்டுத் தகடோதான் கதி. ஒரு வேடிக்கை: நம் கடையின் பிழைப்பான மேசை கிரைண்டரில் அட்டையை ஒட்ட முடியாது. பாத்திரம் பெரும்பாலும் காந்தம் பிடிக்காத எவர்சில்வர், உடல் பிளாஸ்டிக்.

படி 2: காந்த ஷீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த ஷீட் முழு உலோகம் அல்ல. ஃபெர்ரைட் என்ற இரும்பு ஆக்சைடு வகைத் தூளை ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கோடு கலந்து தகடாக உருட்டியது. அதில் வட, தென் துருவங்கள் மெல்லிய கோடுகளாக, சில மில்லிமீட்டர் இடைவெளியில் மாறி மாறிப் பதிக்கப்பட்டிருக்கும். இரும்புத் தூளைத் தூவினால் கோடுகள் கண்ணுக்கே தெரியும். தூள் இல்லையென்றால் இரண்டு துண்டுகளின் பழுப்பு முகங்களைச் சேர்த்து வைத்து இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் கடகடவென்று தட்டும்.

கோடுகள் நெருக்கமாக இருப்பதால் இந்தக் காந்தத்தின் இழுப்பு ஓரிரு மில்லிமீட்டர் தூரத்திலேயே தீர்ந்துபோகிறது. துணி உறை காலை வாருவது இதனால்தான். இன்னொன்று, இழுப்பு பெரும்பாலும் ஒரு முகத்தில் மட்டுமே இருக்கும், மறுமுகம் மந்தம். அச்சு மந்தமான முகத்தில் வர வேண்டும். பசையோடு வரும் ஷீட்டில் பசை இருப்பதே அந்த முகம்தான், குழப்பம் வராது.

பொத்தான் போன்ற, வலிமை மிக்க சிறு நியோடிமியம் காந்தங்களை அட்டையில் ஒட்டித் தரலாம் என்று யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம். அவை கழன்று குழந்தை வாய்க்குள் போனால் ஆபத்து. இரண்டு விழுங்கிவிட்டால் குடலைக் கவ்விப் பிடித்துவிடும். வளையும் ஷீட்டில் அந்த வலிமை இல்லை என்பது இங்கே நல்லதுதான்.

படி 3: எடையைக் கணக்குப் போடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் தாண்டிப் போகிற இடம் இது, செலவு ஒளிந்திருக்கிற இடமும் இதுவே. 9 செ.மீ.க்கு 5.5 செ.மீ. அளவில், 0.4 மி.மீ. தடிமனில் முழு அட்டையையும் காந்தமாகவே செய்தால், காந்தம் மட்டும் ஏறக்குறைய 7 கிராம் வரும். 10,000 பிரதிக்கு 70 கிலோ. அதே அளவில் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) ஆர்ட் கார்டு அடித்து, பின்னால் 5 செ.மீ.க்கு 2 செ.மீ. காந்தத் துண்டு மட்டும் ஒட்டினால் மொத்தமே சுமார் 3 கிராம். 10,000 பிரதிக்கு 30 கிலோ. காந்தத்துக்கான விலை, பார்சல் கட்டணம், சந்தாதாரர்களுக்குத் தபாலில் போகும் பிரதியின் எடை எல்லாமே இதனால் குறையும். விசிட்டிங் கார்டு அளவைத் தாங்க அந்தத் துண்டு போதும். ஒட்டிவிட்டு ஃபிரிட்ஜ் கதவைப் பலமுறை அடித்துச் சாத்திப் பாருங்கள், சரியாமல் நின்றால் சரி.

ஒரு சிக்கல் மிச்சம். துண்டு ஒட்டிய இடம் முக்கால் மில்லிமீட்டர் மேடாக இருக்கும். 50 இதழ்களை அடுக்கினால் அந்தப் பக்கம் மட்டும் கிட்டத்தட்ட 4 செ.மீ. உயர்ந்து, கட்டு சாயும். இதழ்களைப் பாதிப் பாதியாகத் திருப்பி அடுக்கச் சொல்லுங்கள்.

படி 4: அட்டையை இரண்டாகப் பிரியுங்கள்

தங்க வேண்டியது ஒரு பாதி, கிழிந்து கடைக்கு வர வேண்டியது இன்னொரு பாதி. நடுவில் துளைக்கோடு. காந்தம் தங்கும் பாதியில் மட்டும்.

தங்கும் பாதியில் தேதி போடாதீர்கள். தீபாவளிச் சலுகை என்று அச்சடித்த அட்டை கார்த்திகையில் குப்பைக்குப் போகும். அங்கே வீட்டுக்காரருக்கு அவசரத்தில் தேவைப்படுவது இருக்கட்டும்: எரிவாயுக் கசிவுக்கு 1906, ஆம்புலன்ஸுக்கு 108, மின்தடைப் புகாருக்கு மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987. மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், அந்தத் தேதியையும் சிலிண்டர் மாற்றிய தேதியையும் எழுதிக்கொள்ள இரண்டு வெற்றுக் கட்டங்கள் விடுங்கள். லேமினேஷன் செய்த அட்டையில் பேனா ஓடாது, ஆகவே அந்தப் பாதியை லேமினேஷன் இல்லாமல் விடுவதே நல்லது. அதற்குக் கீழே கடைப் பெயர், வாட்ஸப் எண், "கிரைண்டர் கல் கொத்துதல், பெல்ட் மாற்றுதல்" என்ற ஒரே வரி. உரிமையாளர் படம், பொன்மொழி, ஏழு வண்ணம் எதுவும் வேண்டாம். வீட்டுக்காரர் எண்ணை மட்டும்தான் தேடுவார்.

கியூஆர் கோடு போடுவதானால் பக்கம் 2 செ.மீ.க்குக் குறையாமல் போடுங்கள். அச்சகத்தில் சோதனைத் தாள் வந்ததும் பழைய போன் ஒன்றிலும் ஸ்கேன் செய்து பாருங்கள்.

கிழியும் பாதிதான் கூப்பன். கோக-கோலாவின் பழைய கூப்பன்கள் 1880களின் இறுதியில் அட்லாண்டாவில் கொடுக்கப்பட்டவை. அவற்றின் கவர்ச்சி ஐந்து சதவீதத் தள்ளுபடி அல்ல, ஒரு டம்ளர் முழுதாக இலவசம் என்பது. நம் கடையும் "பெல்ட் மாற்றினால் சர்வீஸ் கூலி இல்லை" என்று முழுதாக ஒன்றைக் கொடுக்கலாம். நிபந்தனை இருந்தால் அதே அளவு எழுத்தில் போடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு அபராதம் விதிக்க வழி வைத்திருக்கிறது. கூப்பன் எண்களைக் குலுக்கிப் பரிசு தரலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். விற்பனைக்காக நடத்தும் அதிர்ஷ்டக் குலுக்கலை அதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் லாட்டரிக்கும் 2003 முதல் தடை.

கடைசித் தேதி கூப்பனில் மட்டும் இருக்கட்டும். அது தாண்டி ஒருவர் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவு நாள் உங்கள் எண்ணைக் கதவில் வைத்திருந்த ஆளைத் திருப்பி அனுப்புவது என்ன வியாபாரம்?

படி 5: இதழைத் தேர்ந்தெடுங்கள்

மாநிலம் முழுக்கப் போகும் வார இதழில் எல்லாப் பிரதிக்கும் இணைப்பு வைப்பது கணபதிக் கடைக்கு வீண். கோவைக்கு வரும் பிரதிகளில் மட்டும் வைக்க முடியுமா என்று இதழின் விளம்பரப் பிரிவில் கேளுங்கள். ஏஜென்ட்டோடு மட்டும் பேசி நடுவே செருகிவிடுவது மலிவுதான், ஆனால் இதழ் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். உள்ளூர்ச் சங்க இதழ், கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர் ஆகியவை பலருக்குப் போதும். பொங்கல், தீபாவளி நோம்பிகளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இதழ் கைக்குக் கிடைக்க வேண்டும். மாவரைக்கும் வேலை கூடி, பழைய பெல்ட் அறுவது அப்போதுதான்.

படி 6: செருகுதல்

அட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் இயந்திரத்தில் ஒன்றுக்கு இரண்டாக ஏறும். கையால் செருகுவதற்கே ஏற்பாடு செய்யுங்கள். இரும்பு மேசை வேண்டாம், மர மேசை போதும். உதிரியாக வைத்தால் கடையில் இதழைப் புரட்டும்போதே விழுந்துவிடும். பக்கத்தைக் கிழிக்காமல் கழன்றுவரும் பசைப் புள்ளி ஒன்றை வைத்து ஒட்டச் சொல்லுங்கள்.

படி 7: திரும்பி வருவதை எண்ணுங்கள்

ஒவ்வோர் இதழுக்கும் கூப்பனில் வேறு எழுத்து போடுங்கள்: சங்க இதழுக்கு ச, பள்ளி மலருக்கு ப. வரும் கூப்பன்களை அப்படியே தனித்தனிக் கவரில் போட்டு வையுங்கள். கூப்பன் இல்லாமல் போனில் அழைப்பவரிடமும் "எண் எங்கே கிடைத்தது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வருகிற அழைப்புகள்தான் காந்தத்துக்குக் கொடுத்த காசின் கணக்கு. முதல் வாரக் கூப்பன்களைச் சாதாரணத் துண்டுப் பிரசுரமும் கொண்டுவந்திருக்கும்.

மீந்த அட்டைகளை முகத்தோடு முகம் சேர்க்காமல், எல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி மரப்பெட்டியில் வையுங்கள். கூப்பன் பாதியைக் கிழித்துவிட்டு, சர்வீஸ் முடிந்த வீடுகளில் பில்லோடு ஒன்று கொடுத்துவரலாம்.