கண்ணை மூடிட்டு அரை கிலோ வஞ்சிரம் ஆர்டர் போடுங்க: எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி ஆப் டிசைன் பண்றது எப்படி

காசிமேட்டுல கண்ணு தெரியாத ஒருத்தர் மீன் வாங்குறது ஒண்ணும் அதிசயம் இல்ல. "சங்கரா இன்னா வெலக்கா"ன்னு கேட்டா அக்கா ஊருக்கே கேக்குற மாதிரி சொல்லும், கையால அமுக்கிப் பாத்தா மீன் கெட்டியா இருக்கா தொளதொளன்னு ஆயிடுச்சான்னு தெரிஞ்சிடும், பேரம் பேசி வாங்கிட்டு போயிட்டே இருப்பாரு. அதே மீனை ஆப்புல வித்தா அவரால வாங்க முடியல, ஏன்னா மீன் பேரு போட்டோக்குள்ள இருக்கு, பிளஸ் மைனஸ் பட்டனுக்கு பேரே இல்ல. அதனால ஒரு மீன் டெலிவரி ஆப்பையே உதாரணமா வச்சு பாப்போம்.

ஸ்டெப் 1: ஸ்கிரீன் ரீடரை ஆன் பண்ணுங்க

ஸ்கிரீன்ல இருக்குறதை வாயால படிச்சு சொல்றதுதான் ஸ்கிரீன் ரீடர், கண்ணு தெரியாதவங்க இதை வச்சுதான் போன் ஓட்டுறாங்க. ஆண்ட்ராய்டுல செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, டாக்பேக். ஐபோன்ல வாய்ஸ்ஓவர். ஆன் பண்றதுக்கு முன்னாடியே ஆண்ட்ராய்டுல ரெண்டு வால்யூம் பட்டனையும் சேத்து அமுக்குற ஷார்ட்கட்டை, ஐபோன்ல சைடு பட்டனை (பழைய மாடல்ல ஹோம் பட்டனை) மூணு தடவை அமுக்குற ஷார்ட்கட்டை செட் பண்ணிடுங்க, இல்லன்னா ஆஃப் பண்ணத் தெரியாம முழிப்பீங்க. வலது பக்கம் ஸ்வைப் பண்ணா அடுத்த ஐட்டம், டபுள் டேப் பண்ணா செலக்ட், அவ்ளோதான். இப்ப கண்ணை மூடிட்டு அரை கிலோ வஞ்சிரம் ஆர்டர் போடுங்க. ரூல் எல்லாம் அப்புறம் படிச்சிக்கலாம், இதை ஒரு தடவை பண்ணா எங்க எங்க மாட்டுதுன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

ஸ்டெப் 2: எல்லாத்துக்கும் பேரு வைங்க

பெரும்பாலான ஆப்புல "லேபிள் இல்ல, பட்டன்... லேபிள் இல்ல, பட்டன்"னு தான் காதுல விழும். ரீடர் படிக்க வேண்டிய பேரை கோட்ல எழுதுற இடம் ஆண்ட்ராய்டுல கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், ஆப் கட்டுற டூல்ஸ்ல ஃப்ளட்டர்ல செமான்டிக்ஸ், ரியாக்ட் நேட்டிவ்ல அக்சஸிபிலிட்டி லேபிள், பேரு வேற வேலை ஒண்ணுதான். பிளஸ் பட்டனுக்கு "கூட்டு"ன்னு மட்டும் வச்சா பத்தாது, லிஸ்ட்ல பத்து மீன் இருந்தா பத்து "கூட்டு" கேக்கும், எந்த மீன்னு எப்படி தெரியும்? "வஞ்சிரம் அரை கிலோ கூட்டு"ன்னு வைங்க. லேபிள்ல "பட்டன்"ங்கிற வார்த்தையை போடாதீங்க, அதை டாக்பேக்கே சொல்லிடும், நீங்களும் போட்டா "பட்டன் பட்டன்"னு வரும். சும்மா அழகுக்கு வச்ச அலை படம், தூண்டில் படம் இதுக்கெல்லாம் டிஸ்கிரிப்ஷனை நல் (null, அதாவது காலி) ஆக்கிட்டா ரீடர் தாண்டிப் போயிடும். அப்புறம் போட்டோ, பேரு, விலை மூணும் தனித்தனியா மூணு ஸ்வைப் ஆகாம ஒரே குரூப்பா சேத்துடுங்க.

நம்ம ஊருக்குன்னே ஒரு பிரச்சனை இருக்கு. தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணி வச்சா இங்கிலீஷ் குரல் அதை கடிச்சு துப்பும். தமிழ்லயே எழுதி, லாங்குவேஜும் தமிழ்னு செட் பண்ணுங்க.

ஸ்டெப் 3: கலர், எழுத்து, சைஸ்

வெள்ளை மேல 999999ங்கிற கலர் கோட் சாம்பல்ல விலை போடுறது டிசைனர்ங்களுக்கு ஏனோ ரொம்ப பிடிக்கும், வெயில்ல நின்னா கண்ணு நல்லா இருக்குறவனுக்கே தெரியாது. எல்லாரும் யூஸ் பண்ற மாதிரி வெப், ஆப் செய்யுறதுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. கைடுலைன்படி சாதாரண எழுத்துக்கு கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேணும். 767676 சாம்பல் மயிரிழைல பாஸ் ஆகும், அதை விட வெளிர் ஆக்காதீங்க. ஸ்டாக் இருந்தா பச்சை புள்ளி, தீந்தா சிவப்பு புள்ளின்னு மட்டும் விடாம "தீந்துடுச்சு"ன்னு எழுதுங்க, சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாதவங்க நிறைய பேர் இருக்காங்க.

ஆண்ட்ராய்டுல எழுத்து சைஸை எஸ்.பி.ங்கிற அளவுல குடுங்க, ஃபான்ட் செட்டிங்ஸை கண்டுக்காத டி.பி. அளவுல இல்ல, அப்பதான் போன்ல ஃபான்ட்டை பெருசாக்கினா ஆப்புலயும் பெருசாகும். 200 சதவீதம் வச்சுப் பாருங்க, தமிழ் வார்த்தை நீளம்கிறதால "கழுவி வெட்டித் தரவும்"ல "வெட்டி"யோட நின்னுடும். பட்டன் தொடுற இடம் ஆண்ட்ராய்டுல 48 டி.பி., ஐபோன்ல 44 பாயிண்ட், குறைஞ்சபட்சம். கை நடுங்குறவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஸ்டெப் 4: கார்ட்லேர்ந்து டெலிவரி வரைக்கும்

ஸ்வைப் பண்ணாதான் கார்ட்லேர்ந்து தூக்க முடியும்னு வைக்காதீங்க, கூடவே ஒரு நீக்கு பட்டன் குடுங்க. மொத்தத் தொகை மாறினா லைவ் ரீஜன் (மாறினதை ரீடர் தானா படிக்கிற இடம்) போட்டு வாயால சொல்ல வைங்க. ஓ.டி.பி.க்கு 30 செகண்ட் குடுத்தா, ஸ்கிரீன் ரீடர்ல மெசேஜைத் தேடி கேட்டு திரும்பி வர்றதுக்குள்ள போச்சு. டெலிவரி பையன் கால் பண்ணிதான் வழி கேப்பான்னா காது கேக்காதவங்க என்ன பண்ணுவாங்க, சாட் வைங்க.

கே.ஒய்.சி., அதாவது ஆள் யாருன்னு சரிபாக்குறது இருக்கா? கண்ணை சிமிட்டினாதான் பாஸ்னு இருந்தா ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களால முடியாது. இந்த விஷயத்துல 2025 ஏப்ரல் 30 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட்டே டிஜிட்டல் வசதி அடையுறது அரசியல் சாசனம் 21வது பிரிவு சொல்ற வாழ்வுரிமையில அடங்கும்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. வேற வழியும் கட்டாயம் குடுங்க.

ஸ்டெப் 5: டெஸ்ட்

பிளே ஸ்டோர்ல அக்சஸிபிலிட்டி ஸ்கேனர்னு கூகுளோட ஆப் ஃப்ரீயா இருக்கு, சின்ன பட்டன், மங்கல் எழுத்து, லேபிள் இல்லாதது எல்லாம் காட்டிடும். ஆனா வஞ்சிரத்துக்கு "சங்கரா"ன்னு லேபிள் வச்சா அது கண்டுபிடிக்காது. அதுக்கு தினமும் டாக்பேக்லயே போன் ஓட்டுற ஒருத்தர்கிட்ட குடுத்து ஆர்டர் போடச் சொல்லுங்க, அவரு நேரத்துக்கு காசு குடுங்க, நடுவுல போனைப் பிடுங்கி "இங்க பாருங்க சார்"னு காட்டாதீங்க, எங்க நிக்கிறாரு, எதை ரெண்டு தடவை கேக்குறாருன்னு சும்மா நோட் எடுங்க.