பெரும்பாடு: இரவில் பாயிலும் பகலில் பேருந்திலும்

மாதவிடாயில் குருதி அளவுக்கு மீறிப் போவதற்கு நாட்டு வைத்தியத்தில் 'பெரும்பாடு' என்று பெயர். பட்டவர்களுக்குத்தான் அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். எங்கள் வடசென்னைத் தண்டையார்பேட்டைப் பக்கம் இப்போது அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. 'அவளுக்கு ரொம்பப் போவுது' என்பார்கள், அதற்கு மேல் பேச மாட்டார்கள். எட்டுக் குடித்தனங்கள் இருக்கும் ஸ்டோர் வீட்டில், கொல்லைப்புறத்தில் ஒரே கழிவறையை வைத்துக்கொண்டு, ஆறு ஆண்டுகள் இந்தப் பாட்டைப் பட்ட பிறகு நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். சமாளிக்கும் வழிகளை முதலில் சொல்வதற்குக் காரணம், இன்றிரவே அவை தேவைப்படுவோர் இருப்பார்கள் என்பதுதான். ஆனால் இரவில் எழுந்து எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறது என்றால், அதைச் சமாளித்துக்கொண்டே காலம் தள்ளக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இரவுக்கான ஏற்பாட்டை மாலையிலேயே தொடங்க வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள், பச்சைக் குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள். பாயின் மேல் ஒரு ஷீட்டு, அதன் மேல் நான்காக மடித்த பழைய பருத்திப் புடவை, அதன் மேல் இரண்டாவது ஷீட்டு, அதற்கும் மேல் இன்னொரு மடித்த துணி என்று அடுக்கினால், நள்ளிரவில் கறைபட்டதும் மேலே இருக்கும் ஷீட்டையும் துணியையும் மட்டும் சுருட்டி எடுத்துவிட்டு, விளக்கைப் போட்டு மற்றவர்களை எழுப்பாமல் அடியில் தயாராக இருக்கும் விரிப்பிலேயே படுத்துவிடலாம். இந்த ஒரு வழியைத் தெரிந்துகொள்ள எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை இரவு இரண்டு மணிக்குப் பாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

நீளமான இரவு நாப்கின் ஒன்று போதாதவர்கள், ஒன்றை முன்பக்கம் தள்ளியும் மற்றொன்றை இடுப்புக்குப் பின்னால் வரை செல்லும்படியும், நடுவில் ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு ஒட்டி, இறுக்கமான உள்ளாடைக்கு மேல் பழைய ஷார்ட்ஸ் ஒன்றையும் அணிந்துகொள்ளலாம். அதுவும் தாங்காத முதல் இரண்டு மூன்று இரவுகளுக்கு, மெடிக்கல் ஷாப்பில் முதியவர்களுக்கென்று விற்கும், பேண்ட் போல மாட்டிக்கொள்ளும் டயாப்பரை வாங்குங்கள். 'அதெல்லாம் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு' என்று என் மாமியார் முகம் சுளித்தார். மறுநாள் காலையில் துவைக்க ஒரு துணியும் இல்லாததைப் பார்த்த பின் எதுவும் சொல்லவில்லை. மல்லாந்து படுப்பதைவிட, ஒருக்களித்துக் கால்களைச் சேர்த்து மடக்கிப் படுத்தால் பின்பக்கம் கசிவது குறையும்.

படுத்திருக்கும்போது உள்ளே தேங்கும் குருதி, எழுந்து நின்றவுடன் மொத்தமாக இறங்கும். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அலாரம் வைத்துக்கொண்டு, அது அடித்ததும் துள்ளி எழாமல், முதலில் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் பொறுத்து, தலைமாட்டில் வைத்திருக்கும் துண்டைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பிறகே நிற்க வேண்டும். துண்டு தரையைக் காக்கும், அந்த ஒரு நிமிடம் உங்களைக் காக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சட்டென்று எழுந்தால் கண் இருட்டி விழுந்துவிடுவதுண்டு. தலை சுற்றும் நாட்களில் கழிவறைத் தாழ்ப்பாளைப் போடாதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்பி வெளியே நிற்கச் சொல்லுங்கள். குழாயில் தண்ணீர் எந்த நேரத்தில் வரும், எந்த நேரத்தில் நிற்கும் என்பது அந்தந்தத் தெருவுக்குத் தெரியும். படுப்பதற்கு முன் இரண்டு பக்கெட் தண்ணீரை உங்களுக்கென்றே தனியாகப் பிடித்து மூடி வைத்துவிடுங்கள்.

கறைபட்ட துணியை வெந்நீரில் போடக் கூடாது. சூடு பட்டால் குருதியில் உள்ள புரதம் நூலோடு இறுகி, கறை நிலைத்துவிடும். பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பிறகு சோப்புப் போட்டால் பெரும்பாலும் போய்விடும். துணியையே நாப்கினாகப் பயன்படுத்துவோர் அதைக் கதவுக்குப் பின்னாலும் வேறு துணிக்கு அடியிலும் ஒளித்துக் காயவைக்கும் வழக்கத்தை விட வேண்டும். நல்ல வெயிலில் மொடமொடப்பாகக் காய்ந்தால்தான் கிருமி அண்டாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் காயாது என்பதால், அந்த இரண்டு மாதங்களுக்கு நாப்கினை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் சூழ்ந்த வீட்டுக்குள் அந்த நாட்கள் வந்த பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாப்கினைக் கழிவறைப் பீங்கானுக்குள் போட்டால் குழாய் அடைத்து எட்டுக் குடித்தனத்துக்கும் வம்பு. செய்தித்தாளில் சுற்றி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். அதைக் கையில் வாங்குகிறவரும் நம்மைப் போன்ற ஒரு பெண்ணாக இருக்கலாம்.

பகல் நேரத்தில் பெரிய சிக்கல் கழிவறைதான். கடற்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் கழிவறை கிடையாது. பேருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி நிலையத்துக்கு நிலையம் கழிவறை இருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதல் மூன்று நாட்களில் போக்குவரத்துக்குச் சில ரூபாய் கூடுதலாகச் செலவானாலும் அதைக் கணக்குப் பார்க்காதீர்கள். கைப்பையில் நான்கு நாப்கின், இரண்டு உள்ளாடை, அடர்நிறப் பாவாடை அல்லது பேண்ட், செய்தித்தாள், இறுக்கக் கட்டும்படியான பிளாஸ்டிக் பை, ஒரு தண்ணீர்ப் பாட்டில் ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். காசிமேட்டில் விடியற்காலை முதல் மீன் கூடைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் அக்காமார்களைப் போல இடத்தைவிட்டு எழ முடியாத வேலையில் இருப்பவர்கள், பக்கத்துக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றி மாற்றி எழுவது நடைமுறையில் சாத்தியம்தான். எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் நம்மில் பலர் செய்யும் தவறு. குருதியும் இழந்து, சென்னை வெயிலில் நீரும் இழந்தால் மயக்கம் நிச்சயம்.

செலவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மக்கள் மருந்தகங்களில் 'சுவிதா' நாப்கின் 2019 முதல் ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மென்ஸ்ட்ருவல் கப் எனப்படும், பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் சிலிக்கான் கிண்ணம் பெரும்பாலும் 25 முதல் 30 மில்லிலிட்டர் வரை கொள்ளும். கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். அதிகம் போகிறவர்களுக்கு அது சீக்கிரம் நிரம்பிவிடும் என்றாலும், எவ்வளவு போகிறது என்பதை நாமே அளந்து பார்க்க முடிவது அதன் தனி நன்மை. கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி போட்டிருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கப் பயன்படுத்த வேண்டாம்; எடுக்கும்போது காப்பர்-டியும் நகர்ந்துவிடக்கூடும். காப்பர்-டியே சிலருக்குக் குருதிப்போக்கை அதிகமாக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அளப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் நிலைமை மாறியது அதனால்தான். ஒரு சுற்றில் மொத்தம் 80 மில்லிலிட்டருக்கு மேல் போவதையும், ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதையும் மருத்துவர்கள் அதிகம் என்கிறார்கள். வீட்டில் யாரும் குருதியை மில்லிலிட்டரில் அளப்பதில்லை என்பதால், 1990இல் பிரிட்டனில் மருத்துவர்கள் புள்ளிகளாகக் கணக்கிடும் ஒரு முறையை வகுத்தார்கள். நாப்கினில் இலேசாகப் பட்டிருந்தால் 1, பாதி நனைந்திருந்தால் 5, முழுதும் ஊறியிருந்தால் 20. உறைந்து விழும் குருதியில் சிறிய கட்டி 1, பெரிய கட்டி 5. மாதவிடாய் முடிந்ததும் கூட்டிப் பார்த்து 100க்கு மேல் வந்தால் அது பெரும்போக்கு. சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் அந்தந்தத் தேதியில் எண்ணை மட்டும் எழுதினால் போதும். என்ன எண் என்று வேறு யாருக்கும் தெரியாது. நான் எழுதிய முதல் மாதத்தில் இரண்டாம் நாள் மட்டுமே ஆறு நாப்கின் முழுதாக ஊறியிருந்தது. அந்த ஒரு நாளே 120.

அதற்கு முன் இரண்டு முறை ஒரு கிளினிக்கில் 'ரொம்பப் போகுதும்மா' என்று மட்டும் சொல்லி, 'எல்லாப் பொம்பளைக்கும் போறதுதான்' என்ற பதிலோடு திரும்பியிருக்கிறேன். மூன்று மாதத்து எண்களை எழுதிக்கொண்டு போனபோது அதே பேச்சை யாரும் பேசவில்லை. ஆகவே மருத்துவரிடம் போகும்போது எத்தனை நாள், எத்தனை நாப்கின், எவ்வளவு பெரிய கட்டி, இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதைத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பல் பிடுங்கியபோதோ பிரசவத்திலோ குருதி நிற்காமல் போயிருந்தாலும், மூக்கில் அடிக்கடி வடிந்தாலும், வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போனாலும் அதையும் சொல்ல வேண்டும். குருதி உறைவதில் உள்ள குறைபாடு பல பெண்களிடம் இப்படித்தான் முதலில் வெளிப்படுகிறது.

நம் பகுதியில் அலைய வேண்டிய தேவையில்லை. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். அங்கிருந்து ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோ எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ செல்லலாம். ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஸ்கேன் ஆகியவை வழக்கமாக எடுக்கப்படும். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி, உள்சுவரில் சதை வளர்ச்சி, கர்ப்பப்பைச் சுவரே தடித்துப்போவது, முட்டை சரியாக வெளியேறாமை என்று காரணங்கள் பல. 45 வயதைக் கடந்தவர்களுக்கு உள்சுவரிலிருந்து சிறிது திசுவை எடுத்துப் பார்க்கச் சொன்னால் பயந்து தட்டிக் கழிக்க வேண்டாம். புற்றுநோய் இல்லை என்பதை உறுதிசெய்யத்தான் அது.

மருந்துகளில் டிரானெக்ஸாமிக் அமிலம் ஹார்மோன் அல்ல. உறைந்த குருதி மறுபடி கரைவதைத் தடுப்பதன் மூலம் போக்கை ஏறத்தாழப் பாதி வரை குறைக்கக்கூடியது, அதிகம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடுவது. காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள் அதை எடுக்கக் கூடாது என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் தந்த அட்டையிலிருந்து கிள்ளிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல. மெஃபனாமிக் அமிலம் வலியையும் போக்கையும் ஓரளவு குறைக்கும். சாப்பிட்ட பிறகே போட வேண்டும், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு ஆகாது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த ஆர்மிலாக்ஸிஃபீன், அரசு 'சாயா' என்ற பெயரில் இலவசமாகத் தரும் கருத்தடை மாத்திரை. பெரும்போக்குக்கும் மருத்துவர்கள் அதை எழுதித் தருவதுண்டு. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கர்ப்பப்பைச் சாதனத்தைப் பொருத்தினால், முதல் சில மாதங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாகப் பட்டாலும், பிறகு பலருக்குப் போக்கு மிகவும் குறைந்துவிடுகிறது. இவ்வளவு வழிகள் இருக்கும்போது, எடுத்த எடுப்பில் 'கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், குழந்தைதான் பிறந்தாயிற்றே' என்று யாராவது சொன்னால், காரணம் என்ன, மருந்தால் ஏன் முடியாது, சினைப்பையையும் சேர்த்து எடுப்பார்களா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, இன்னொரு மருத்துவரின் கருத்தையும் பெற்ற பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படுவோரும் உண்டு, அவசரம்தான் ஆகாது.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினாலும், மயக்கம், மூச்சிரைப்பு, படபடப்பு வந்தாலும், கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ள நிலையில் போக்கு ஏற்பட்டாலும் நாள்காட்டி, எண்ணிக்கை எதையும் பார்க்காமல் 108ஐ அழைத்துவிட வேண்டும்.

'கெட்ட ரத்தம்தானே, போகட்டும்' என்பது தவறு. போவது உடம்பில் ஓடும் அதே குருதிதான், அதோடு இரும்புச் சத்தும் போகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் குறைவு; எனக்கு 7.2 இருந்தது, அதோடுதான் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். வடசென்னையில் சோகைக்குச் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். ஆட்டின் மண்ணீரலாகிய அதிலும் ஈரலிலும் உள்ள இரும்பு உடம்பில் எளிதில் சேரும் என்பதால் அது நல்ல வழக்கமே. கீரை, பயறு வகைகளைச் சாப்பிடுவோர் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இவ்வளவு குறைந்த பிறகு உணவு மட்டும் ஈடுசெய்யாது, மாத்திரை வேண்டும். அதை டீ, காபி, பால் ஆகியவற்றோடு சேர்க்காமல், அவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட்டுப் போடுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடவோ டிரிப் வழியாக இரும்புச் சத்து ஏற்றவோ வழி உண்டு. ஹீமோகுளோபின் ஏறியதும் மாத்திரையை விட்டுவிடுவதுதான் பலர் செய்வது. கையிருப்பு நிரம்ப அதன் பிறகும் மூன்று மாதங்களாவது தொடர வேண்டும்.